மணி எங்கே?

இரண்டு ஒற்றர்களை ஒரே வீட்டில் வைத்துச் சோறு போடுவது எவ்வளவு கஷ்டம் என்று மிசாவோவைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு ஒற்றர் அவள் கணவர் ஷூஹேய் நாகாமினே. ஷிராகாபே நிறுவனத்தின் சண்டை வீடியோ விளையாட்டுகளுக்கு முப்பது வருஷமாக இசையமைத்துப் பாட்டுப் போட்டவர். அறுபது தாண்டியும் அங்கேயே மறுநியமனத்தில் இருக்கிறார். இன்னொரு ஒற்றர் மகள் சிகுசா. எதிர்க்கடை மாதிரி இருக்கும் முகுதோரி நிறுவனத்தில் ஒப்பந்தத்தில் பாட்டுப் போடுகிறாள். இரண்டும் ஓசகா நிறுவனங்கள்தான். இவர்கள் விளையாட்டில் வீரன் ஒருவன் நெருப்பு விட்டால் அடுத்த வருஷம் அவர்கள் வீரன் பனிக்கட்டி விடுவான். அப்படி ஒரு பகை.

அந்தப் பகையாளிகள்தான் இப்போது கைகோத்திருக்கிறார்கள். இரு நிறுவனத்து வீரர்களும் ஒரே விளையாட்டில் மோதப் போகிறார்கள். இன்னும் அறிவிக்கவில்லை. கட்டிய மனைவியிடம்கூட வாய் திறக்கக் கூடாது என்று இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஆக அப்பாவும் மகளும் ஒரே விளையாட்டுக்கு உழைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒருவருக்கொருவர் வானிலை பேசுகிறார்கள். குளியல் தொட்டியில் உட்கார்ந்து முனகுவதைக்கூட இருவரும் நிறுத்திவிட்டார்கள்.

அதிலும் ஒரு வினோதமான ஏற்பாடு. அவர்கள் வீரர்களின் பாட்டை இவர்கள் புதிதாகப் போட வேண்டும், இவர்களுடையதை அவர்கள். போட்டு முடித்ததும் வீரனுக்குச் சொந்தமான நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஒருவர் கேட்டுச் சரி சொல்ல வேண்டும். அவர் யார் என்று சொல்ல மாட்டார்கள், இரண்டு வரி குறிப்பு மட்டும் வரும். குலுக்கலில் சிகுசாவுக்கு விழுந்தது ஆற்றங்கரையில் குடையை வைத்துக்கொண்டு சண்டை போடும் உகிஹாவின் பாட்டு. ஷிராகாபேயின் செல்லப்பிள்ளை உகிஹா. பாட்டு, சிகுசா புட்டிப்பால் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவள் அப்பா போட்டது.

இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. முதல் முறை, "வேறு மாதிரி இருக்கிறது." இரண்டாம் முறை, "இன்னும் ஏதோ குறைகிறது." மூன்றாவதாக அனுப்பியதற்கு இன்று பதில் வர வேண்டும். இதுவும் திரும்பி வந்தால் பழைய பதிவையே தூசி தட்டிப் போட்டுவிடுவார்கள். வசந்தத்தில் முடிகிற ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது சிரமம் என்று மேலாளர் குஜிராய் அம்மாள் மென்மையாகச் சொல்லிவிட்டார். அவர் மென்மையாகப் பேசினால் நல்லதுக்கில்லை என்று சிகுசாவுக்குத் தெரியும்.

காலையில் மேஜையில் மிசோ சூப்பும் வறுத்த மீனும் ஆறிக்கொண்டிருந்தன. அப்பாவுக்கு இரண்டு நாளாகச் சளி. கக்கத்தில் தெர்மாமீட்டரை இடுக்கிக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

சோயா பாட்டிலைத் தள்ளச் சொன்னாள் சிகுசா. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தெர்மாமீட்டர் பிப் பிப் என்று கத்தி ஓய்ந்தது. அதையும் அவர் சட்டை செய்யவில்லை. சமையலறையிலிருந்து அம்மா வந்து, பின்னாலிருந்து கையை விட்டு அதை உருவிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சிகுசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாட்டைத் திருப்பி அனுப்புவது இவர்தான் என்று அவளுக்கு நிச்சயம். அந்த இரண்டு வரியும் அப்பா பேசுகிற மாதிரியே இருந்தன. தன் பெண் போட்டது என்று தெரிந்தும் கருணை காட்ட வேண்டாம், சரி. பெண் என்று தெரிந்துதான் கூடுதலாக இறுக்குகிறாரோ என்பதுதான் அவளை அரித்தது. அதற்கு மேல் இந்த ஊமை நாடகம் வேறு.

"அப்பா, இன்னிக்கு ஆபீஸ் போறீங்களா?" என்றாள், கொஞ்சம் உரக்கவே.

அவர் நிமிர்ந்து அவள் வாயையே பார்த்தார். முறைக்கிறார் என்று நினைத்தாள்.

"போகணும். ஒரு வேலை பாக்கி இருக்கு. சும்மா தலையாட்டிட்டுப் போக முடியாத வேலை."

அவள் மீனைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டாள்.

ஹொன்மாச்சியில் இருக்கும் முகுதோரி அலுவலகத்துக்குள் நுழைந்ததுமே குஜிராய்-சான் (சான் என்றால் நம்மூர் அம்மா, ஐயா மாதிரி ஒரு மரியாதை) கையைக் காட்டிக் கூப்பிட்டார். சிகரெட்டை விட்ட நாளிலிருந்து அவர் வாயில் எந்நேரமும் உலர்ந்த கணவாய் மீன் துண்டு ஒன்று மெல்லப்பட்டுக்கொண்டே இருக்கும். கோபம் வந்தால் இரண்டு துண்டு. இன்று இரண்டு.

திரையில் குறிப்பு இருந்தது. "மூன்றாம் சுற்று. தாளம் நன்று. குழல் நன்று. மணி எங்கே? மணி இல்லாமல் உகிஹா இல்லை."

சிகுசா இரண்டு முறை படித்தாள். மணி என்றால் கூரையோரம் தொங்கும் சின்னக் காற்றுமணி. பழைய பாட்டில் மெட்டின் தலைக்கு மேலே, உச்ச சுருதியில், அது கிணுங்கிக்கொண்டே இருக்கும். ஆற்றங்கரை என்று காதுக்குச் சொல்வதே அதுதான். அதை எப்படி விடுவாள்? விடவில்லை. அசலில் மெட்டோடு ஒட்டி விழுந்த மணியை, இவள் மெட்டு மூச்சு விடுகிற இடைவெளிகளில் விழ வைத்திருந்தாள். அவ்வளவுதான் வித்தியாசம். அவளுடைய பாட்டிலேயே அவளுக்குப் பிடித்த இடமும் அதுதான்.

குஜிராய்-சான் பெரிய ஸ்பீக்கரில் போட்டார். மணி அறை முழுக்கச் சிதறியது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு சண்டைக் குத்துச் சத்தங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அடுத்த மேஜைக்காரர்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"அப்ப இது என்ன, கரண்டியா?" என்றார் குஜிராய்-சான். "வேணும்னே பண்றாங்க நாகாமினே. நம்ம பொறுமையைச் சோதிச்சுப் பாக்கறாங்க."

அவர் யோசிக்கவே இல்லை. சத்தத்தைப் படமாகக் காட்டும் மென்பொருளில் பாட்டைப் போட்டுப் படம் எடு என்றார். கீழே தாளம் கருப்பாகத் தெரியும், நடுவில் குழல், உச்சியில் வரிசையாகப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளைச் சிவப்பில் வட்டம் போட்டு, இதோ மணி என்று எழுதி அனுப்ப வேண்டும். வழக்கமான தொடர்பாளருக்கு மட்டும் இல்லை, ஷிராகாபேயின் இசைப் பிரிவுத் தலைவருக்கும் ஒரு பிரதி. மாலைக்குள். அப்புறம் யார் வாயைத் திறக்கிறார்கள் பார்ப்போம்.

சிகுசாவுக்கும் ரத்தம் சூடாகத்தான் இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே தோன்றியது. படத்தை எடுத்தாள். முதல் புள்ளிக்குச் சிவப்பு வட்டம் போட்டாள். இரண்டாவதற்குப் போட்டாள்.

மூன்றாவதற்குப் போகும்போது கை நின்றுவிட்டது.

அப்பா கோபக்காரர்தான், பிடிவாதக்காரர்தான். ஆனால் பாட்டு விஷயத்தில் இல்லாததை இல்லை என்பார், இருப்பதை இல்லை என்று அவர் வாய் ஒருநாளும் சொன்னதில்லை.

கோடையில் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. இந்த வருஷம் சில்வண்டு ஒன்றுகூட வரவில்லையே என்று ஜன்னலோரம் நின்று ஆச்சரியப்பட்டார். வெளியே மரம் முழுக்க வண்டுகள் காதைக் கிழித்துக்கொண்டிருந்தன. இவள் விளையாட்டாகச் சொல்கிறார் என்று சிரித்தாள். அவரும் சேர்ந்து சிரித்தார். குளிர்பெட்டிக் கதவைச் சரியாக மூடாமல் அவர் போய்விட, அது கூவிக்கொண்டே இருக்க, அம்மா ஓடி வந்து மூடுவாள். தொலைக்காட்சியில் போன வருஷத்திலிருந்து வசனம் எழுத்திலும் ஓடுகிறது. காலையில் தெர்மாமீட்டர்.

ஐயோ என்று இருந்தது அவளுக்கு.

போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். மிசாவோ ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருக்கிறாள். பகல் இடைவேளையில்தான் எடுப்பாள். எடுத்ததும் எடுக்காததுமாகச் சிகுசா கேட்டுவிட்டாள்.

"அம்மா, அப்பாவுக்குக் காது கேக்கலையா?"

அந்தப் பக்கம் யாரிடமோ, இதோ வந்துவிடுகிறேன் என்று அம்மா சொல்வது கேட்டது. ஒரு கதவு மூடியது.

"பேச்சு கேக்குது. மூஞ்சியைப் பாத்துப் பேசினா நல்லாவே கேக்குது. உச்சியில வர்றதுதான் போயிடுச்சு." அம்மாவின் குரல் தணிந்திருந்தது. "ரெண்டு வருஷமாத் தெரியும். தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாதுன்னு அவரு உத்தரவு."

"டாக்டர்கிட்ட?"

"போனாத்தானே? ஆபீஸ்ல வருஷா வருஷம் உடம்பு பாக்கறாங்களே, காதுல மாட்டி, சத்தம் கேட்டா பொத்தானை அழுத்தச் சொல்லுவாங்களே, அதுல என்ன பண்றாரு தெரியுமா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸ் பொண்ணு கை அசையறதைப் பாத்து அழுத்திட்டு வந்துட்டாரு. வந்து என்கிட்ட பெருமையாச் சொன்னாரு. சிரிச்சாரு. அப்புறம் குளிக்கப் போனவரு ரொம்ப நேரம் வெளிய வரவே இல்ல."

சிகுசா படியில் உட்கார்ந்துவிட்டாள். விளையாட்டின் பெயரைச் சொல்லாமல், நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல், தன் இக்கட்டை எப்படியோ அம்மாவிடம் கொட்டினாள். தான் இடம் மாற்றி வைத்த மணி இல்லவே இல்லை என்று பாட்டு திரும்பி வந்திருக்கிறது. ஒரு படம் அனுப்ப வேண்டும், அனுப்பினால் தன் பாட்டு பிழைக்கும். அந்தப் படத்தை அப்பாவுடைய தலைவர் பார்ப்பார். காதே கேட்காதவரையா கேட்டுச் சரி சொல்ல உட்கார வைத்தோம் என்று அவர்களுக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆகும்? அனுப்பாவிட்டால் தனக்கு வேலை இல்லை. ஆறு வருஷம் ஒப்பந்தத்திலேயே காத்திருந்தது இந்த ஒரு பாட்டுக்காகத்தான்.

"நான் என்னடி சொல்ல? உங்க ரெண்டு பேருக்கும் சோறு போடறவ நான். எந்தப் பக்கம் சாயச் சொல்ற?" என்றாள் மிசாவோ. "ஒண்ணு மட்டும் சொல்றேன். உன் மேல வன்மம் வச்சுப் பண்றாருன்னு நெனைக்காத. அவரு பழைய பாட்டைப் போட்டுக் கேக்கும்போது அந்த மணி அவருக்குக் கேக்குது. ஞாபகத்துலயே கேக்குது. நீ எடத்தை மாத்திட்ட. அதான் அவருக்கு நெஜமாவே அது இல்ல."

சிகுசா போனை வைத்துவிட்டு அப்படியே இருந்தாள். அழுகை வந்தது, அழவும் செய்தாள். கோபமும் வந்தது. காது போனவர் எதற்கு அந்த நாற்காலியில் உட்கார வேண்டும்? வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு நகர்ந்திருந்தால் இத்தனை வாரம் தான் தூக்கம் கெட்டு அலைந்திருக்க வேண்டாமே. ஆனால் உகிஹாவை வேறு யார் கையில் கொடுப்பார் அவர்? தானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு மேஜைக்கு வந்தாள். சிவப்பு வட்டம் போட்ட படத்தை மூடி வைத்தாள். பாட்டைத் திறந்தாள்.

மணி விழுகிற ஒவ்வொரு இடத்திலும், அதே சுரத்தை மூன்று ஸ்தாயி கீழே, மரக்கட்டையில் தட்டுகிற மாதிரி ஒரு வாத்தியத்தில் சேர்த்தாள். அறுபது வயசுக் காதும் எட்டிப் பிடிக்கிற உயரத்துக்கு. மேலே இருந்த மணியைத் தொடவில்லை. போட்டுக் கேட்டபோது அவளுக்கே முகம் சுளித்தது. தண்ணீர் மாதிரி ஓடிய இடத்தில் யாரோ செருப்புக் காலோடு கூடவே நடந்து வந்தார்கள்.

குஜிராய்-சான் ஒரே ஒரு முறைதான் கேட்டார். "எதுக்கு இந்த லொட்டு லொட்டு? நல்லா இருந்த பாட்டைக் கெடுத்து வச்சிருக்க. படம் எங்க?"

"படம் வேணாம் மேடம். இதை நாலாம் சுற்றா அனுப்பிப் பாப்போம்."

"நாலாம் சுற்றுன்னு ஒண்ணு ஒப்பந்தத்துலயே இல்ல. கெஞ்சிக் கூத்தாடி வாங்கணும். இதுவும் திரும்பி வந்தா அப்புறம் படம் அனுப்பியும் பிரயோஜனம் இல்ல, தெரியுமில்ல? உன்னை நான் காப்பாத்த முடியாது."

தெரியும் என்றாள் சிகுசா. அவள் கண் வீங்கியிருந்ததைக் குஜிராய்-சான் பார்த்தார். அவளுடைய அப்பா எங்கே வேலை செய்கிறார் என்பது நிறுவனத்தில் சேரும்போதே எழுதிக் கொடுத்த விஷயம்தான். என்ன கணக்குப் போட்டாரோ, வாயிலிருந்த கணவாயைத் துப்பிவிட்டு, ஷிராகாபே தொடர்பாளருக்குத் தானே போன் போட்டு, கடைசியாக ஒரு தடவை கேட்டுவிடுங்கள் என்று குழைந்து பேசினார். குஜிராய்-சான் குழைவதை அந்தத் தளத்தில் யாரும் பார்த்ததில்லை.

பாட்டு போயிற்று.

காத்திருப்பது மாதிரி ஒரு தண்டனை கிடையாது. சிகுசா வேறு ஒரு வீரனின் பாட்டைத் திறந்து, முடிவு சுற்றி வந்து ஆரம்பத்தோடு ஒட்டுகிற தையலைச் சரி பார்க்கிற பாவனையில், அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. இந்நேரம் தென்மாவில் இருக்கும் ஷிராகாபே அலுவலகத்தில் அப்பா காதுக்குள் இவளுடைய பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். கட்டை சத்தம் அவருக்குக் கேட்கும். மணி வந்துவிட்டது, சரி என்று ஒரு வரி எழுதிவிடுவார். அதோடு விட்டுவிடலாம். அவருக்குத் தெரியவே வேண்டாம். கெட்டுப்போன பாட்டு ஒன்று தன் பெயரில் ஊர் உலகமெல்லாம் ஒலிக்கட்டும். அது ஒன்றும் உயிர் போகிற விஷயம் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர மனசு ஒப்பவில்லை.

வெளியே விளக்குகள் எரியத் தொடங்கிய நேரத்தில் குஜிராய்-சான் அவள் பெயரைக் கத்தினார். எழுந்து போவதற்குள் முழங்கால் மேஜையில் இடித்துக்கொண்டது.

குறிப்பு முன்பு வந்தவற்றைவிட நீளமாக இருந்தது.

"நான்காம் சுற்று. ஏற்கப்பட்டது. ஒரே ஒரு திருத்தம். கீழே புதிதாகச் சேர்த்திருக்கும் கட்டை ஒலியை எடுத்துவிடவும். மேலே இருக்கும் மணி போதும். முன் சுற்றிலும் அது அங்கேயே இருந்திருக்கிறது. தாமதத்துக்கு நானே பொறுப்பு. இனி வரும் பாட்டுகளை வேறொருவர் கேட்பார். ஷூஹேய் நாகாமினே."

பெயர் போட்டு ஒரு குறிப்பு வந்தது இதுதான் முதல் தடவை.

குஜிராய்-சான் மேஜையைத் தட்டினார். "பாத்தியா? இருந்திருக்குன்னு அவங்க வாயாலயே வர வச்சிட்ட. நான்கூட நம்பல." அப்புறம் அந்தப் பெயரைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். சிகுசாவின் முதுகில் ஒரு முறை கையை வைத்துவிட்டு நகர்ந்தார்.

சிகுசா தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அவர் கண்டுபிடித்துவிட்டார். கட்டை சத்தம் காதில் விழுந்த அந்த நிமிஷமே, அது எதற்காக அங்கே வந்தது, யாருக்காக வந்தது என்று புரிந்துகொண்டுவிட்டார். முப்பது வருஷம் இதே வேலை செய்தவருக்கு அது தெரியாமல் போகுமா? இவள் மூடி மறைத்ததாக நினைத்துச் செய்த காரியம் நேராக அவரிடம் போய், உங்களுக்குக் கேட்கவில்லை அப்பா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறது. அந்தப் படத்தை அனுப்பியிருந்தால்கூட அவர் எதிர்த்துச் சண்டை போட்டிருப்பார். இதை எதிர்த்து என்ன சண்டை போடுவார்?

கட்டை ஒலியை அவள் கையாலேயே அழித்தாள். பாட்டு மறுபடி தண்ணீர் மாதிரி ஓடியது. மணி இடைவெளிகளில் கிணுங்கியது. அவள் கேட்டதிலேயே நன்றாக இருந்தது. அனுப்பிவிட்டாள்.

அம்மாவைக் கூப்பிட்டாள். மிசாவோ முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அப்பா வந்துட்டாரா?"

"இல்லடி. ஆபீஸ்ல கேட்டேன். இருட்டறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டாராம். மேஜையெல்லாம் ஒழிச்சு வச்சிட்டுப் போயிருக்காராம். என்ன ஆச்சு? நீ அந்தப் படத்தை அனுப்பிட்டியா?"

அனுப்பவில்லை என்றாள். அதைவிடப் பெரியதைச் செய்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தான் தேடிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, மேலங்கியை மாட்டிக்கொண்டே அப்பாவின் எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்தது. ரயில் நிலையத்துப் படி இறங்கும்வரை அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள். நேற்று வரை இப்படி அடித்து ஓய்ந்திருந்தால், வேண்டுமென்றே எடுக்காமல் இருக்கிறார் என்று ஆத்திரப்பட்டுப் போனைப் பையில் போட்டிருப்பாள். இன்று நடைமேடைக் கூட்டத்துக்கு நடுவே நின்று, எடுங்கள் அப்பா, எடுங்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே அழுத்திக்கொண்டிருந்தாள். அவர் எடுக்க மனமில்லாமல் இருக்கிறாரா, அடிப்பதே தெரியாமல் எங்காவது நடந்துகொண்டிருக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.